மாசிலாமணியின் இசைவுமானி

தங்கப்பழத்தை வடமுனைப் பனிக்குழிக்கு அனுப்பலாமா என்று செந்நிலக் குடியரசு தன் மக்களைக் கேட்டது. காலை ஒன்பது மணி. சங்கு ஊதியதும் ஒன்பதாயிரம் பேரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். துளைப்பொறிகள் ஓய்ந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிகள் கீழே வைக்கப்பட்டன. ஒலிபெருக்கி கேள்வியைப் படித்தது. பத்து மூச்சு நேரம். யாரும் பேசவில்லை, கை தூக்கவில்லை, சீட்டில் எதுவும் எழுதவில்லை. பிறகு பன்னிரண்டு சுரங்கத் தெருக்களின் முனைகளிலும் இருந்த பலகைகளில் எண்கள் எரிந்தன. சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

தங்கப்பழத்தின் மனைவி இன்பவல்லி தன் பட்டறையில் நின்று அந்த எண்ணைப் பார்த்தாள். அதை எடுத்துத் தரும் இசைவுமானியைச் செய்தவள் அவள்தான். நாலு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றை அன்று செய்தாள். தன் காதின் பின்னால் பதித்திருந்த நெல் என்ற கருவியின் எண்ணைத் தட்டினாள். நாலாயிரத்து நூற்றேழு. திரையில் ஒரே சொல் வந்தது: இசைவு.

அவள் இசையவில்லை. அந்தப் பத்து மூச்சும் மனசுக்குள் மாட்டேன், மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்ணை அழித்து மறுபடி தட்டினாள். அதே சொல் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்தது ஆத்திரம்.

செவ்வாய்க் கிரகத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தது ஒரு நிக்கல் கம்பெனி. பதினைந்து வருட ஒப்பந்தம். பூமியின் மலைத்தோட்டங்களோடு ஒழிந்துபோன கங்காணி என்ற சொல் இங்கே மறுபடி பிறந்தது. இறங்கிய அன்றே ஒவ்வொருவருக்கும் வலது காதின் பின்னால் தோலுக்கடியில் ஒரு சின்ன உணர்கருவியை வைத்தார்கள். வேலை நேரத்தில் உடம்பு அயர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும். அரிசிமணி அளவில் இருந்ததால் ஜனங்கள் அதற்கு நெல் என்று பேர் வைத்தார்கள்.

மாசிலாமணி வெடிவைப்பவர். அவரைப் பற்றி இன்று எதைச் சொன்னாலும் இதையும் சொல்ல வேண்டும்: ஏழாம் தெரு இடிந்தபோது, கங்காணிகள் காற்றுக்கதவை மூடச் சொன்ன பிறகும், உள்ளே போய்ப் பதினொரு பேரை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி வந்தவர் அவர். பன்னிரண்டாவது ஆளுக்குப் போகும்போது கதவை மூடிவிட்டார்கள். அந்தக் கதவின் முன்னால் நின்றுதான் வேலைநிறுத்தம் என்ற சொல்லை முதலில் சொன்னார்.

நிறுத்தம் செய்வது சுலபமில்லை. ஜனங்கள் உண்மையிலேயே தயாரா என்று தெரிய வேண்டும். கங்காணிகள் பார்க்கும்போது எவன் கையைத் தூக்குவான்? அப்போது இன்பவல்லி கம்பெனி மருத்துவக்கூடத்தில் நெல்களைப் பழுதுபார்ப்பவள். நெல் அனுப்பும் அலைகளை வருடக்கணக்கில் பார்த்தவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். எதையாவது கேட்கும்போது உடம்பு முதலில் எதிர்க்கத்தான் இறுகுகிறது. மனசு சரி என்றதும் அந்த இறுக்கம் அரை நொடியில் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியை எண்ண முடியும். அவள் அலைப்பெட்டி ஒன்று செய்தாள்; இசைவுமானியின் உயிர் அதுதான். அது ஒரு துடிப்பு அனுப்பினால் எல்லா நெல்களும் விழித்துப் பதில் சொல்லும். போராட்டக் குழு ஒரு காலையில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுக்குள் ஒளித்துக் கேள்வியைப் போட்டது. எண்பத்தேழு வந்தது. கங்காணிகளுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

நாற்பத்தொரு நாள் நிறுத்தம். கம்பெனி காற்றைப் பாதியாகக் குறைத்தது. தங்கப்பழம் துளைப்பொறியோடு குழாய்ச் சுவரை உடைத்து, சேமிப்புக் கிடங்கின் காற்றைத் தெருக்களுக்குத் திருப்பிவிட்டான். ஹமீதா என்ற பெண் பாசிமாவை வைத்து நாலாயிரம் பேருக்குக் கஞ்சி காய்ச்சினாள். கடைசியில் கம்பெனியின் கப்பல் கங்காணிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

சாசனம் எழுதினார்கள். அறுபது வராமல் எந்தச் சட்டமும் கிடையாது. தலைவரைப் பற்றி மக்கள் கேட்கச் சொன்னால் கேட்டே ஆக வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே வந்தால் அவர் இறங்க வேண்டும். மாசிலாமணி முதல் தலைவரானார். தொண்ணூற்றிரண்டு. அவர் அழுததை எல்லோரும் பார்த்தார்கள்.

முதல் இரண்டு வருடம் நல்ல வருடங்கள். எட்டு மணி நேர வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி. பிறகு மாசிலாமணி இரண்டாவது நீர்த்தேக்கம் கட்டப் பத்து மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டார். நாற்பத்துநாலு வந்தது. யாருக்காகச் சாகத் துணிந்தேனோ அவர்களே வேண்டாம் என்கிறார்களே என்று தங்கப்பழத்திடம் குமுறினார். அது அவமானமில்லை அண்ணே, அதுதான் குடியரசு என்று தங்கப்பழம் சொன்னான். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் மூன்றாம் தெருவில் ஒரு காற்றுக்குழாய் வெடித்து ஒன்பது பேர் செத்தார்கள். மறுநாள் காலை, பிணங்கள் கூடத்தில் கிடக்கும்போதே, அதே பத்து மணி நேரச் சட்டத்தை மறுபடி கேட்டார்கள். எண்பத்துமூன்று.

மாசிலாமணி முட்டாள் இல்லை. நேரே இன்பவல்லியின் பட்டறைக்கு வந்தார். ஏன் இப்படி என்று கேட்டார்.

“பயந்தவங்க உடம்பும் தளரும் அண்ணே,” என்றாள் அவள். “சம்மதிச்சு விடறதும், இனி நம்மால ஆகாதுன்னு விடறதும் நெல்லுக்கு ஒண்ணுதான். பிரிச்சுப் பார்க்க எனக்கு இன்னும் தெரியலை.”

சரி செய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். ஒரு வருடம் ஆகலாம் என்றாள்.

“அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும் தங்கச்சி. இப்பத்தான் பிறந்த குடியரசு. எண் மேல சந்தேகம் வந்துட்டா கம்பெனிக்காரன் மறுபடி கப்பலோட வந்து நிப்பான்.”

அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் அந்தத் தலையாட்டல்தான் வாசல் என்பதற்காக அவள் ஒருநாளும் தன்னை மன்னிக்கவில்லை.

காற்றுப் பயிற்சி தொடங்கியது. முதலில் மாதம் ஒருமுறை. குழாய் வெடித்தால் என்ன செய்வது என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? அபாயச் சங்கு அலறும். காற்றுக்கதவுகள் இடியோசையோடு மூடும். சீறல் கேட்கும். பிள்ளைகள் முகமூடியைத் தேடி அலறுவார்கள். பிறகு, பயிற்சிதான், பயப்பட வேண்டாம் என்று தலைவரின் குரல் வரும். மாதம் ஒருமுறை வாரம் ஒருமுறை ஆயிற்று. பிறகு கேள்வி கேட்கும் நாளெல்லாம் பயிற்சி. எட்டே முக்காலுக்குப் பயிற்சி, ஒன்பதுக்குக் கேள்வி.

எண்ணில் பொய் சொல்ல முடியாது. பன்னிரண்டு பலகைகளையும் யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். இன்பவல்லி அப்படித்தான் அமைத்திருந்தாள். மாசிலாமணிக்குப் பொய்யான எண் தேவைப்படவே இல்லை. எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றுமூன்று என்று உண்மையான எண்கள் ஏறிக்கொண்டே போயின. காவல்படைக்குச் சட்டம் வந்தது. எந்த நெல் யாருடையது என்று காட்டும் கம்பெனிக் காலத்துப் பதிவேடு குடியரசுக் குழுவின் பெட்டகத்தில் இருந்தது. அதைத் தலைவர் எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. தளராத உடம்புக்காரர்களுக்கு ஒரு பேர் வந்தது: துளைக்காரர்கள். சுவரில் துளை போட்டுக் காற்றை வெளியே விடக் காத்திருப்பவர்களாம். அவர்கள் வீட்டுப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் விளையாடப் பயந்தார்கள். ஒவ்வொருவராகக் கேள்வி வைத்து அவர்களை வடமுனைக் குழிக்குப் பனி வெட்ட அனுப்பினார்கள்.

தங்கப்பழம் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“ஏன்டே, காத்து எப்பவும் காலையில எட்டே முக்காலுக்குத்தான் போகுமா? மத்தியானம் போகாதா?”

நாலைந்து மேசைகளில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மூன்றாம் நாள் அவனைப் பற்றிய கேள்வி வந்தது. தொண்ணூற்றாறு வந்தது.

வடக்கே போகும் வண்டியில் ஏற்றுமுன் இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். அவன் நிதானமாகத்தான் இருந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உன் நெல்லு என்ன சொல்லுச்சு வல்லி?”

அவள் மற்றக் கையால் காதின் பின்னால் மூடிக்கொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை விட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

அவள் நேரே தலைவர் அலுவலகத்துக்குப் போனாள். ஏழாம் தெருவில் தூக்கிச் சுமந்த பதினொரு பேரின் படங்களும் அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தன. அவர்களில் மூன்று பேர் அப்போது பனிக்குழியில் இருந்தார்கள். எண்ணெல்லாம் பயம், வெறும் பயம், உங்களுக்கே தெரியும் என்று அவள் கத்தினாள். அவர் குரலை உயர்த்தவில்லை.

“எண்ணுல பொய் இல்லையே தங்கச்சி. நீ செஞ்ச கருவிதானே. பயமும் ஒரு சம்மதம்தான். இந்தச் சுரங்கத்துல பயப்படறவன்தான் உயிரோட இருப்பான்.”

அவர் அதை நம்பினார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏமாற்றுக்காரன் என்றால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பாள். இந்த மனுஷன் தன்னை இன்னும் ஏழாம் தெருக் கதவின் முன்னால்தான் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவை இப்போது மூடுபவர் தானேதான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அவளை அவர் குழிக்கு அனுப்பவில்லை. நெல்லும் அலைப்பெட்டியும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று வருடம் அவள் பட்டறையில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தாள். எல்லோரும் அவள் பணிந்துவிட்டாள் என்றார்கள். அவள் பயத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். இரண்டாம் வருடக் கடைசியில் அகப்பட்டது. பயந்து தளரும் உடம்பு தளர்வதற்குச் சற்று முன்னால் மூச்சை நிறுத்துகிறது. இசைந்து தளரும் உடம்பு மூச்சை விடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தாள்.

இதற்குள் பனிக்குழியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். சாசனப்படி அவர்களும் குடிமக்கள்; அவர்கள் நெல்லும் கணக்கில் சேரும். குழியில் இருப்பவர்களுக்குக் காற்றுப் பயிற்சி கிடையாது. இழக்க எதுவும் மிச்சமில்லாத உடம்பு எதற்கும் தளரவில்லை. ஒவ்வொரு காலையும் வடக்கிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் மறுப்புகள் வந்தன. வீட்டில் ஒருவரைக் குழிக்குப் பறிகொடுத்தவர்களின் உடம்பும் அவர்களோடு சேர்ந்து மரத்துப்போயிற்று. எண் தொண்ணூறிலிருந்து எழுபத்தைந்துக்கு வந்தது, பிறகு அறுபத்துநாலுக்கு. எத்தனை பேரை அனுப்புகிறாரோ அத்தனைக்கு எண் விழுந்தது.

மாசிலாமணி கடைசிச் சட்டத்தை எழுதினார். குழியில் இருப்பவர்களின் நெல்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. அவர்கள் இனி குடிமக்கள் இல்லை. குழிக்கு ஆளைப் பறிகொடுத்த வீட்டார், சாசனம் தந்த உரிமையில், கூடவே தலைவரைப் பற்றிய கேள்வியையும் சேர்க்கச் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே சேர்த்தார். எட்டே முக்காலை அவர் நம்பினார்.

அன்று எட்டே முக்காலுக்குச் சங்கு ஊதவில்லை. இன்பவல்லி அதன் கம்பியை அறுத்திருந்தாள்; மூச்சைப் பிரித்துப் பார்க்கும்படி கருவியையும் மாற்றியிருந்தாள். ஜனங்கள் தோள்களைக் குறுக்கிக்கொண்டு, பிள்ளைகளின் காதுகளைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். கதவுகள் திறந்தே கிடந்தன. எட்டு ஐம்பதுக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது.

“நான் இன்பவல்லி. இசைவுமானி செஞ்சவ. பயந்தாலும் அது சம்மதம்னுதான் காட்டும். எனக்கு இது அஞ்சு வருஷமாத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். என் வீட்டுக்காரரைக் குழிக்கு அனுப்பின அன்னைக்கு என் நெல்லும் சம்மதம்னுதான் சொல்லுச்சு. நான் சம்மதிக்கலை. நீங்க சம்மதிச்சீங்களா?”

காவலர்கள் பட்டறைக் கதவை உடைத்து உள்ளே வந்து அவள் கையை முறுக்கினார்கள். அதற்குள் ஒன்பது அடித்துவிட்டது. கேள்விகள் தானாகப் படிக்கப்பட்டன. பத்து மூச்சு. பலகையில் முதல்முறையாக இரண்டு எண்கள் வந்தன: இசைவு, பயம். தலைவர் தொடரலாமா என்பதற்கு இசைவு முப்பத்தொன்று. கையை முறுக்கிக்கொண்டிருந்த காவலன் பலகையைப் பார்த்தான். பிடி மெல்லத் தளர்ந்தது.

மறுநாள் பதினேழு. மூன்றாம் நாள் எட்டு. அலுவலகத்துக்குள் போனவர்களை மாசிலாமணி எதிர்த்துச் சண்டை போடவில்லை. இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

குழிக்குப் போனவர்களில் ஆயிரத்து நானூற்று அறுபது பேர் திரும்பி வந்தார்கள். தங்கப்பழம் வந்தான். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஹமீதாவின் மகன் வரவில்லை. அவளைத்தான் புதிய குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். யாரும் அதில் குறை சொல்ல முடியாது.

தங்கப்பழம் ஓய்வெடுக்கக்கூட இல்லை. முதலில் ஹமீதாவிடம் போனான். மாசிலாமணியை விசாரிக்க வேண்டும் என்றான். குழிக்கு அனுப்ப யார் பட்டியல் எழுதினார்கள், யார் வண்டியோட்டினார்கள், யார் காற்றைத் திருகினார்கள், எல்லாம் அவர் வாயால் வர வேண்டும். ஹமீதா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஜனங்களைக் கேட்போம் அண்ணே என்றாள்.

அடுத்த காலை ஒன்பது மணிக்குக் கேள்வி வந்தது. மாசிலாமணியை விசாரணையில்லாமல், இன்றைக்கே நண்பகலில், முகமூடியில்லாமல் வெளிக்கதவுக்கு அப்பால் விடலாமா?

இசைவு தொண்ணூற்றெட்டு. பயம் சுழியம்.

இன்பவல்லி தன் எண்ணைத் தட்டினாள். இசைவு. பயம் இல்லை. இந்தத் தடவை கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பத்து மூச்சில் அவள் மனசு என்ன கேட்டதோ அதையேதான் திரை காட்டியது.

நண்பகலில் அவரைப் பட்டறை வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். கதவருகே நின்றார்.

“இந்த எண் நிஜமா தங்கச்சி?”

“நிஜம்,” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். தெருவெல்லாம் ஜனங்கள். உள்கதவு மூடியது, வெளிக்கதவு திறந்தது. கூட்டம் ஆர்ப்பரித்த சத்தத்தில் பட்டறைத் தட்டுகளில் இருந்த கருவிகள் அதிர்ந்தன. யார் பட்டியல் எழுதியது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதியவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்திக்கொண்டிருந்திருப்பார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹமீதா பட்டறைக்கு வந்தாள். தங்கப்பழம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹமீதா அவன் கைக்காயத்தை விசாரித்தாள், மருந்து அனுப்புவதாகச் சொன்னாள். பிறகு இன்பவல்லியிடம் மெதுவாகக் கேட்டாள். நூற்றுக்கு இரண்டு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். நூற்றெண்பது பேர் வரும். மாசிலாமணிக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வெளியே பேச்சு. பேர்கள் கிடைக்குமா?

“சும்மா தெரிஞ்சு வச்சுக்கத்தான் வல்லி. ஒண்ணும் செய்யப் போறதில்லை.”

“என் பேரை முதல்ல எழுதிக்கங்க,” என்றான் தங்கப்பழம்.

ஹமீதா திகைத்துப்போனாள். அவளுடைய மகன் செத்த குழியில் மூன்று வருடம் கிடந்தவன். அவன் மூன்று விரல் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு, இன்பவல்லியால் நம்ப முடியவில்லை, பையிலிருந்து எழுதுபலகையை எடுத்து அவன் பேரை எழுதினாள்.

“மீதி?” என்றாள்.

தரமாட்டேன் என்றாள் இன்பவல்லி. ஹமீதாவுக்குக் கோபம் வரவில்லை. சரி, அப்படியானால் நாளைக் காலையில் ஜனங்களிடமே கேட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்கு என்ன எண் வரும் என்று இன்பவல்லிக்குத் தெரியும். அவள் தங்கப்பழத்தின் பழைய துளைப்பொறியின் எஃகு முனையை எடுத்தாள். அலைப்பெட்டியை முதல் அடியிலேயே பிளந்தாள். நின்றுவிடவில்லை. உள்ளே இருந்த பளிங்குச் சுருள்களை, பதிவுத் தகடுகளை, தன் கையெழுத்துக் குறிப்புகள் இருந்த இரும்புப் பேழையை, எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினாள். தங்கப்பழம் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கடைசித் தகட்டை அடிக்கும்போது அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். யாரைத் திட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. காவலர்கள் வரும்போது அவள் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

குடியரசின் உயிரையே உடைத்தவளுக்கு என்ன தண்டனை? குழு இரண்டு நாள் வாதாடியது. எண் இல்லாமல் எதையும் முடிவு செய்யச் சாசனத்தில் வழியே இல்லை. வேறு வழி தெரியாமல் சாப்பாட்டுக் கூடத்தில் ஜனங்களைக் கூட்டினார்கள். கூடம் நிரம்பி, தெருக்கள் வரை நின்றார்கள். இன்பவல்லியை மேசை மேல் நிறுத்தினார்கள். ஹமீதா குற்றத்தைப் படித்தாள். இவளை வெளிக்கதவுக்கு அப்பால் விட வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள்.

யாரும் அசையவில்லை. பத்து மூச்சு ஆயிற்று, நூறு மூச்சு ஆயிற்று. அந்தக் கூடத்தில் நின்ற இளையவர்கள் பலர் ஒருமுறைகூடக் கை தூக்கியவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள். தங்கப்பழம் சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு குழந்தை அழுதது. ஹமீதா கேள்வியை மறுபடி படித்தாள். அவள் குரலும் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

பிறகு கூடத்தின் நடுவில் ஒரு கை உயர்ந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், நீரேற்றும் பகுதிக்காரர். கையை இறக்கவில்லை. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவரும் வியர்த்துக்கொண்டே எல்லோரையும் பார்த்தார்.

இன்பவல்லி மேசை மேலிருந்து அவரிடம் கேட்டாள்.

“ஏன்?”

எந்த எண்ணும் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. அவர் வாயைத் திறந்தார்.